பேரியாட்ரிக் ஆபரேஷனுக்கு அப்புறம் எடை மெதுவாகத்தான் இறங்குகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. மதுரையில் வங்கி வேலை பார்க்கிறவள். 2021-ல் பேரியாட்ரிக் ஆபரேஷன், அதாவது எடையைக் குறைக்க வயிற்றில் செய்கிற ஆபரேஷன், அதில் ஸ்லீவ் என்கிற வகையைச் செய்துகொண்டேன். அன்றைக்கு என் எடை 118 கிலோ, உயரம் 158 செ.மீ., கூடவே சர்க்கரையும் தைராய்டும். என்னைப் பார்த்துக்கொண்ட டயட்டீஷியன், புதிதாக ஆபரேஷன் செய்துகொண்டு "குறையவே மாட்டேங்குது" என்று புலம்புகிறவர்களுக்கு என் நம்பரைக் கொடுத்துவிடுவார் (என்னிடம் கேட்டுவிட்டுத்தான்). மெதுவாக இறங்கினவள் என்பதுதான் என் தகுதி. திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள் வருவதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே போட்டிருக்கிறேன்.

1. ஸ்லீவ், பைபாஸ்னு ரெண்டு சொல்றாங்களே அக்கா, எதுல வேகமா குறையும்?

ஸ்லீவ் என்றால் வயிற்றில் முக்கால் பங்குக்கும் மேலே வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயாக விட்டுவிடுவது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் வெட்டி எடுக்கிற பகுதியில்தான் சுரக்கிறது, அதனால் முதல் சில மாதங்களுக்குப் பலருக்கும் பசியே இருக்காது. பைபாஸில் வயிற்றின் மேல்பகுதியை மட்டும் ஒரு சின்னப் பையாகப் பிரித்து, சிறுகுடலில் கொஞ்ச தூரம் தள்ளி இணைத்துவிடுவார்கள்.

ஒன்றிரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் ஸ்லீவில் மொத்த எடையில் சுமார் 25 சதவீதம், பைபாஸில் சுமார் 30 சதவீதம் குறைந்திருப்பது பொதுவான கணக்கு. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் நாம் பயப்படுகிற அளவுக்கு இல்லை. ஏற்கெனவே ஸ்லீவ் செய்தாகிவிட்டது என்றால் "அதைப் பண்ணியிருக்கலாமோ" என்று ராத்திரி உட்கார்ந்து வீடியோ பார்ப்பதை விட்டுவிடுங்கள்.

2. மாசம் எத்தனை கிலோ குறையணும்? எங்க வீட்டுல 10 கிலோ குறையும்னு நெனச்சிட்டிருக்காங்க.

மாதம் 10 கிலோ என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது, எல்லார் வாயிலும் அந்த எண்தான். முதல் மாதம்தான் அதிகம் குறையும். அப்புறம் மாதாமாதம் வேகம் தணிந்துகொண்டே வரும், ஒன்று ஒன்றரை வருடத்தில் பெரும்பாலும் நின்றுவிடும். எனக்கு முதல் மாதம் 7 கிலோ, ஆறாவது மாதத்தில் 2 கிலோ, பதினோராவது மாதத்தில் வெறும் 600 கிராம்.

கிலோவில் பார்க்காதீர்கள், சதவீதத்தில் பாருங்கள். குறைந்த கிலோவை ஆபரேஷன் அன்றைய எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் போதும். ஒரு வருடத்தில் நான் 29 கிலோ குறைந்தேன். 29-ஐ 118-ஆல் வகுத்தால் 24.6 சதவீதம். மேலே சொன்ன கணக்கை ஒட்டித்தான் இருக்கிறது! ஒரு வருடம் முழுக்க நான் அழுத அழுகைக்கு, கணக்கு போட்டுப் பார்த்தால் எல்லாரையும் போலத்தான் குறைந்திருக்கிறேன். டயட்டீஷியன் ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் இதை எழுதிக் காட்டினார், அந்தக் காகிதம் இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

3. மூணாவது வாரம் நடக்குது. பத்து நாளா முள்ளு அசையவே இல்ல. ஆபரேஷன் ஃபெயிலா?

இல்லை. அதிகம் வருகிற போன் இதுதான், அதுவும் அழுதுகொண்டே. இரண்டாவது வாரத்திலிருந்து ஐந்தாவது வாரத்துக்குள் எப்போதாவது ஒருமுறை இப்படி நிற்பது ரொம்பச் சாதாரணம்.

ஏன் என்றால், நம் கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்று கொஞ்சம் சர்க்கரை சேமிப்பு இருக்கும், ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் தண்ணீரையாவது பிடித்து வைத்திருக்கும். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் வெறும் நீராகாரத்தில் இருக்கும்போது முதலில் காலியாவது இந்தச் சேமிப்புதான், தண்ணீரும் அதோடு போய்விடும், முள் சடசடவென்று இறங்கும். கொஞ்சம் சாப்பிட ஆரம்பித்ததும் உடம்பு அந்தச் சேமிப்பைத் திரும்பவும் நிரப்பும், தண்ணீரும் திரும்பி வரும். உள்ளே கொழுப்பு கரைந்துகொண்டுதான் இருக்கும், வந்த தண்ணீரும் போன கொழுப்பும் சரிக்குச் சரியாகிவிடுவதால் மெஷினுக்குத் தெரியாது. எனக்கு 19-வது நாளிலிருந்து 31-வது நாள் வரை 111.4 என்ற ஒரே எண். 32-வது நாள் காலையில் 110.1.

இந்த நாட்களில் சாப்பாட்டை இன்னும் குறைக்காதீர்கள். கொடுத்த உணவு அட்டவணைப்படியே போங்கள்.

4. எனக்கு அடுத்த பெட்ல இருந்தவருக்கு 13 கிலோ குறைஞ்சிருச்சு. எனக்கு 7தான். நான் என்ன தப்பு பண்ணேன்?

இந்தக் கேள்வியைக் கேட்டது நானேதான். அவர் 162 கிலோ, 31 வயது ஆண், சர்க்கரை கிடையாது. நான் 40 வயது, இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தவள். 2-ம் கேள்விக் கணக்கைப் போட்டால் அவருக்கு 8 சதவீதம், எனக்கு 6. மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசமாகத் தெரிந்தது இவ்வளவுதான்.

ஆரம்ப எடை அதிகம் இருப்பவர்களுக்குக் கிலோ கணக்கில் அதிகம் குறையும். ஆண்களுக்குத் தசை அதிகம் என்பதால் முதலில் வேகமாக இறங்கும். வயது கூடினாலும், சர்க்கரை இருந்தாலும், நடமாட்டம் குறைவாக இருந்தாலும் மெதுவாகும். இதில் எதுவும் உங்கள் தப்பு இல்லை. அடுத்த பெட்காரரோடு போனில் நட்பாக இருங்கள், எடையை மட்டும் கேட்காதீர்கள்.

5. தினம் எடை பாக்கலாமா? காலைல ஒண்ணு காட்டுது, ராத்திரி ஒண்ணு காட்டுது.

காட்டத்தான் செய்யும். ஒரு லிட்டர் தண்ணீர் குடித்தால் ஒரு கிலோ கூடும், அது கொழுப்பு இல்லை. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் பலருக்கு ஒரு கிலோ, சில சமயம் இரண்டு கிலோகூட நீர் கோக்கும். மலச்சிக்கல் (புரதப் பவுடரும் இரும்புச் சத்து மாத்திரையும் ஆரம்பித்ததும் பலருக்கும் வரும்) இருந்தாலும் ஏறும். வாரம் ஒருநாள், காலையில் கழிவறை போய்வந்த பிறகு, ஒரே மாதிரி உடையில் பாருங்கள், போதும். மெஷினைச் சமமான தரையில் வையுங்கள். எங்கள் வீட்டு டைல்ஸில் ஒரு ஓரம் சரிவு, மெஷினை அரை அடி நகர்த்தினால் 800 கிராம் மாறும், இதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு மாதம் ஆனது.

இன்ச் டேப் வாங்கி மாதம் ஒருமுறை இடுப்பு, வயிறு, கை அளந்து எழுதுங்கள். முள் நின்றிருந்த அந்த நாட்களில்தான் எனக்கு வளையல் சோப்பு போடாமலே கழன்றது. மெஷின் சொல்வது ஒரு சாட்சி, அவ்வளவுதான்.

6. நான் ஒண்ணுமே சாப்பிடறது இல்லக்கா. ஒரு இட்லி, ரெண்டு ஸ்பூன் சாதம். அப்பவும் எப்படி குறையாம இருக்கும்?

கோபப்படக் கூடாது, சரியா? உட்கார்ந்து சாப்பிடுகிற சாப்பாடு குறைவுதான், அதை நான் நம்புகிறேன். நடுவில் போவதைப் பற்றித்தான் கேட்கிறேன். ஏழாவது மாதத்தில் நானும் இதையேதான் சொன்னேன். மூன்று நாளைக்கு வாய்க்குள் போவது எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வரச் சொன்னார் டயட்டீஷியன். ஆபீஸில் இரண்டு காபி, வீட்டில் இரண்டு. பாலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் சேர்ந்தால் ஒரு காபி ஏறக்குறைய 100 கலோரி, நான்குக்கு 400. நான் மொத்தமாகச் சாப்பிட்டதே ஒரு நாளைக்கு ஆயிரத்துச் சொச்சம் கலோரிதான், அதில் 400 காபி! அப்புறம் மூன்று மணிக்கு ஆபீஸ் டப்பாவிலிருந்து ஒரு பிடி மிக்சர், பையன் தட்டில் மிச்சம் வைத்த அரைத் தோசை, சமைக்கும்போது ருசி பார்த்த தேங்காய்த் துருவல். எழுதி முடித்த நோட்டை டயட்டீஷியனிடம் நீட்டவே கூச்சமாக இருந்தது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கெட்டியான உணவு, அதாவது ஒரு துண்டு கோழியோ பனீரோ, சின்ன வயிற்றில் கொஞ்ச நேரம் நிற்கும், நிறைந்த உணர்வு வரும். திரவமோ, வாயில் போட்டால் கரைகிற பண்டமோ அப்படி நிற்காது, வழுக்கிக்கொண்டு போய்விடும். இரண்டு கரண்டி சாதத்துக்கு மேல் இறங்காதவர்களுக்கும் ஒரு பெரிய டம்ளர் ஜிகர்தண்டா தாராளமாக இறங்கும். பருத்திப்பால், ஜூஸ், சர்க்கரை போட்ட சத்துமாவுக் கஞ்சி, பாயசம், ஐஸ்கிரீம், முறுக்கு, பிஸ்கட் எல்லாம் இந்த வகைதான். டீயில் தொட்டுச் சாப்பிடுகிற பிஸ்கட்டுக்குக் கணக்கே கிடையாது. ஊரே மணக்கிற ராத்திரி புரோட்டா கடையைவிட இந்த டம்ளர்தான் நமக்கு வினை, புரோட்டாவாவது இரண்டு வாயில் அடைத்துக்கொண்டு நின்றுவிடும்.

சாப்பிடும்போதே தண்ணீர் குடிக்கக் கூடாது, சாப்பிட்டு அரைமணி நேரம் கழித்துத்தான் என்று சொல்லியிருப்பார்கள். அதை விடாதீர்கள். அப்புறம் சாப்பாட்டு வேளைகளுக்கு நடுநடுவே, ஒரு நாளைக்கு மொத்தம் ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும், வாய் வாயாக.

7. புரோட்டீன் 60 கிராம் சாப்பிடுங்கன்னு சொல்றாங்க. நாங்க சைவம், முட்டை கூட கிடையாது. நடக்கிற காரியமா?

நடக்கும், ஆனால் இட்லி சாம்பாரை நம்பி நடக்காது. இரண்டு இட்லியில் மொத்தமே 4 கிராம் அளவுதான் புரதம், தண்ணியான சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டும். ஒரு நாள் கணக்கு இப்படி: புரதப் பவுடர் ஒரு ஸ்கூப் சுமார் 24 கிராம், பனீர் 100 கிராமில் சுமார் 18, இரண்டு சின்னக் கிண்ணம் தயிர் 7, ஒரு டம்ளர் பால் 6, கெட்டியான பருப்பு அரைக் கிண்ணம் 5, கொஞ்சம் கொண்டைக்கடலை சுண்டல் 4. கூட்டினால் 64. பனீர் அலுத்துப் போனால் மீல் மேக்கர், காய்ந்ததில் 30 கிராம் எடுத்தால் 15 கிராம் புரதம், நன்றாக ஊறவைத்துப் பிழிந்து பொடியாக நறுக்கிக்கொள்ளுங்கள். அசைவக்காரர்களுக்குச் சுலபம், ஒரு முட்டை 6 கிராம், 100 கிராம் மீன் 20 கிராம் போல.

தட்டில் முதலில் புரதம், அடுத்து காய், வயிற்றில் இடம் இருந்தால் சாதம். நம் வழக்கத்துக்கு அப்படியே தலைகீழ். புரதம் பற்றாமல் போனால் உடம்பு தசையைக் கரைக்கும், தசை கரைந்தால் உட்கார்ந்திருக்கும்போது செலவாகிற கலோரியும் குறையும், அப்புறம் எடை இறங்குவது இன்னும் மந்தமாகும்.

8. அப்போ சாப்பாட்டை இன்னும் கம்மி பண்ணிட்டா? திரும்ப ஒரு வாரம் லிக்விட்ல இருந்தா வயிறு ரீசெட் ஆகும்னு வீடியோல பாத்தேன்.

வயிறு ஒன்றும் செல்போன் இல்லை. ஐந்து நாள் வெறும் கஞ்சியும் சூப்பும் குடித்தால் 3-ம் பதிலில் சொன்ன தண்ணீர்தான் போகும், சாப்பிட்டதும் திரும்பி வரும். வெட்டித் தைத்த வயிறு அதனால் சுருங்கும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஒழுங்கு தவறிப் போனவர்கள் திரும்ப ஒரு பிடிக்குள் வர அது உதவியது என்று சிலர் சொல்வார்கள், அதற்கு மூன்று நாள் நோட்டில் எழுதினாலே போதும்.

9. எல்லாத்தையும் வாந்தி எடுக்கிறேன். ஆனா எடை நல்லா குறையுது, அதனால சும்மா இருக்கேன். சரிதானே?

சரியில்லை, இன்றைக்கே போன் செய்யுங்கள். அவசரமாக, மெல்லாமல் சாப்பிட்டு எப்போதாவது வெளியே வருவது வேறு. நாலைந்து நாளாக எதுவுமே தங்கவில்லை என்றால் பாதையில் எங்கேயோ குறுக்கம் இருக்கலாம், அதைவிட முக்கியமாக தயமின் என்கிற பி1 வைட்டமின் தீர்ந்துபோய் நரம்பையும் மூளையையும் பாதிக்கும், சில சமயம் திரும்பச் சரிசெய்ய முடியாத அளவுக்கு. கண் இரண்டிரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது எல்லாம் அதன் அறிகுறிகள். பக்கத்து கிளினிக்கில் போய் "ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்று படுத்துக்கொள்வது நம் பழக்கம். பேரியாட்ரிக் ஆபரேஷன் ஆனதைக் கட்டாயம் சொல்லுங்கள், குளுக்கோஸுக்கு முன்னால் தயமின் போட வேண்டியிருக்கும். கடுமையான வயிற்று வலி, காய்ச்சல், படபடவென்ற நெஞ்சுத் துடிப்பு இருந்தால் போன்கூட வேண்டாம், நேராக எமர்ஜென்சி.

10. தினம் ஒரு மணி நேரம் தமுக்கம் பக்கம் நடக்கிறேன் மேடம். அப்பவும் கிராம் கணக்குலதான் குறையுது.

நடையை விடாதீர்கள், ஆனால் அது எடையைக் குறைக்கும் என்பதைவிட, குறைந்த எடையைக் காப்பாற்றும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 80, 90 கிலோ உடம்புக்கு ஒரு மணி நேர நடையில் 250, 300 கலோரி செலவாகலாம். 6-ம் பதிலில் வந்த காபியில் மூன்று. நடந்துவிட்டு நேராகக் கடை வாசலில் போய் நிற்கிறவர்களுக்கு இது புரிந்திருக்கும்.

வாரம் இரண்டு மூன்று நாள் தசைக்கான பயிற்சியைச் சேருங்கள், ஜிம் தேவையில்லை. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கைக்கு ஒன்றாகத் தூக்குவது. முதல் நாள் எனக்கு நான்கு முறைக்கு மேல் எழ முடியவில்லை. முட்டி வலிக்கிறது என்று டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், குறிப்பாக பைபாஸ்காரர்கள், இணைப்பு போட்ட இடத்தில் புண் வரலாம்.

11. நான் வேற மாத்திரையெல்லாம் சாப்பிடறேன். அதனால மெதுவா ஆகுமா?

ஆகலாம், இதை யாரும் கேட்பதே இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். இன்சுலின், கிளிமிபிரைடு, பயோகிளிட்டசோன் போன்ற சர்க்கரை மருந்துகள், ஸ்டீராய்டு, ஓலன்சபின், மிர்டசபின் போன்ற மனநல மருந்துகள், நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கிற அமிட்ரிப்டிலின், வலிப்புக்கும் மனநலத்துக்கும் தருகிற வால்புரோயேட், இவையெல்லாம் எடையைப் பிடித்து நிறுத்தக்கூடியவை. எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு கவரில் போட்டுக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள், மாற்று இருக்கிறதா என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்தவே கூடாது, மனநல மருந்தும் வலிப்பு மருந்தும் திடீரென்று நிறுத்தினால் எடையைவிடப் பெரிய பிரச்சினையில் கொண்டுபோய் விடும்.

தைராய்டு மாத்திரைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஆபரேஷனுக்குப் பிறகு கால்சியமும் இரும்பும் தருவார்கள், இரண்டுமே தைராய்டு மாத்திரையை உடம்பில் சேரவிடாது, நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கால்சியத்துக்கும் இரும்புக்கும் நடுவிலேயே இரண்டு மணி நேரம் வேண்டும். நான் மூன்றையும் காலையில் ஒரே மடக்கில் விழுங்கிக்கொண்டிருந்தேன், அடுத்த ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். எகிறியிருந்தது, அதாவது தைராய்டு மாத்திரை உடம்பில் போதுமான அளவு சேரவில்லை.

12. எடை குறையல, முடி மட்டும் கொத்து கொத்தா கொட்டுது. இது என்ன நியாயம்?

நியாயமே இல்லை. மூன்றாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரை கொட்டும், உடம்புக்குக் கிடைத்த அதிர்ச்சி அப்படி வெளியே வருகிறது. புரதம், இரும்பு, துத்தநாகம் குறையாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் திரும்ப வளரும். ஒரு வருடம் கழிந்தும் நிற்கவில்லை என்றால் பரிசோதனை தேவை.

13. கல்யாணமாகி ஆறு வருஷம், பி.சி.ஓ.டி. எடை மெதுவா குறையுதுன்னா குழந்தையும் தள்ளிப் போகுமா?

பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருந்தாலும், எடை முழுதாகக் குறையும் முன்பே மாதவிடாய் சீராகிவிடலாம், கர்ப்பமாகிற வாய்ப்பும் கூடும். அதனால்தான் எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடுவது நல்லது, சத்துக்குறைவோடு இருக்கிற உடம்பில் குழந்தைக்கு எதை எடுத்துக் கொடுப்பது? "எனக்குத்தான் ஆகவே ஆகாதே" என்று அலட்சியமாக இருந்த இரண்டு பேர், ஆபரேஷன் முடிந்த ஐந்தாவது மாதத்திலேயே கர்ப்பமாகி எனக்குப் போன் செய்திருக்கிறார்கள். மாமியாரிடம் இந்தக் காரணத்தைச் சொல்ல டாக்டரையே பேச வையுங்கள், மருமகள் சொன்னால் எடுபடாது.

14. சொந்தக்காரங்க வாயை எப்படி அடைக்கிறது? "இவ்ளோ காசு கொட்டியும் அப்படியேதான் இருக்கே"ங்கிறாங்க.

என் நாத்தனார் ஒரு கல்யாணப் பந்தியில், என் இலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சத்தமாக இதையே கேட்டார். ஐந்தாவது மாதம், அப்போது நான் 18 கிலோ குறைந்திருந்தேன். கண்ணுக்குத் தெரியாதுதான், 118-லிருந்து 100-க்கு வந்தவளைச் சேலையில் பார்த்தால் குண்டான பெண்தான். "இன்சுலின் ஊசியை நிறுத்தியாச்சு அண்ணி" என்றேன். அவருக்கு அது ஒரு பதிலாகவே படவில்லை, பாயசம் வேண்டாமா என்று கேட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

எல்லாருக்கும் ஆபரேஷனைச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. சொல்லிவிட்டீர்கள் என்றால் எடையின் எண்ணை மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள், ஒரு தடவை சொன்னால் அப்புறம் ஒவ்வொரு விசேஷத்திலும் கணக்கு கேட்பார்கள்.

15. எட்டு மாசம் ஆச்சு, இப்ப நிறைய சாப்பிட முடியுது. வயிறு விரிஞ்சிருச்சா?

முதல் மாதம் வீக்கத்தில் இருந்த வயிறு அது, இரண்டு ஸ்பூனில் நிறைந்தது. வீக்கம் வற்றி, கொஞ்சம் தளர்ந்து, எட்டு மாதத்தில் ஒரு கிண்ணம் அளவு போவது இயல்பு. பசியும் கொஞ்சம் திரும்பி வரும். ஒரு வேளைக்கு எவ்வளவு போகிறது என்பதைவிட, ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று பாருங்கள். காலையிலிருந்து ராத்திரி வரை கொறித்துக்கொண்டே இருந்தால் எவ்வளவு சின்ன வயிறாக இருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

16. ஒரு வருஷத்தோட நின்னுருச்சு. டார்கெட் 65, நான் 89ல நிக்கிறேன். இதுக்கு மேல என்ன?

என்னுடைய அதே எண்! அந்த 65-ஐ யார் தந்தது என்று முதலில் கேட்பேன். பெரும்பாலும் உயரத்துக்கு ஏற்ற எடை என்று எங்கோ ஒட்டியிருந்த அட்டவணையாக இருக்கும். 2-ம் கேள்விக் கணக்கைப் போடுங்கள். 20 சதவீதத்துக்கு மேல் வந்திருந்தால் ஆபரேஷன் தன் வேலையைச் செய்திருக்கிறது. உடம்பு சின்னதாகும்போது அதை ஓட்டத் தேவைப்படும் கலோரியும் குறைகிறது, 118-ல் என்னை இறக்கிய அதே சாப்பாடு 89-ல் என்னை நிறுத்தி வைத்தது.

அப்புறம் ஏறுவதும் உண்டு. சுவீடனில் 1987-ல் தொடங்கி வருடக்கணக்காகப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வில், பைபாஸ் செய்தவர்களுக்கு முதல் ஒன்றிரண்டு வருடத்தில் 32 சதவீதம் குறைந்தது, பத்தாவது வருடத்தில் அது 25 ஆனது. அதாவது கொஞ்சம் திரும்பி வருவது அந்த வரைபடத்திலேயே இருக்கிறது. ஆனாலும் அந்த ஆய்வில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடையே இறப்பு குறைந்தது. நான் இப்போது 84, இரண்டு கிலோ ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன்.

17. ஆபரேஷன் பண்ணவங்க மவுன்ஜாரோ ஊசி போடலாமா? இல்ல இன்னொரு ஆபரேஷனா?

பசியைக் குறைத்து எடையை இறக்கும் ஊசிகளான மவுன்ஜாரோ 2025 மார்ச்சிலும் வீகோவி ஜூனிலும் இந்தியாவுக்கு வந்ததிலிருந்து இந்தக் கேள்விதான். போடலாம், குறையாமல் நின்றவர்களுக்கும் திரும்ப ஏறினவர்களுக்கும் டாக்டர்கள் எழுதித்தருகிறார்கள். ஆனால் ஏற்கெனவே சின்ன வயிறு, அதில் பசியும் போய்விட்டால் 60 கிராம் புரதம் எப்படி இறங்கும்? அதைத் திட்டமிட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கணையத்தில் அழற்சி வந்தவர்கள், குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஊசியை நிறுத்தினால் பசி திரும்பும் என்பதையும், மாதாமாதம் ஆகிற செலவையும் வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். தெரிந்தவர் மூலம் வாங்கித் தானே போட்டுக்கொண்ட ஒருவர் ஒரு வாரம் படுத்த படுக்கையாகிவிட்டார்.

இரண்டாவது ஆபரேஷன், முதலாவதைவிட ஆபத்து கூடுதல். ஸ்லீவுக்குப் பிறகு தாங்க முடியாத நெஞ்செரிச்சல் வந்தவர்களுக்கு பைபாஸாக மாற்றினால் நல்ல நிவாரணம் கிடைக்கும். வெறும் எடைக்காக மாற்றினால் முதல் தடவை அளவுக்குக் குறையாது. எண்டோஸ்கோபி பார்க்காமல் யாராவது தேதி குறித்தால் வேறு இடத்திலும் கேளுங்கள்.

18. செக்கப்புக்குப் போகவே வெக்கமா இருக்கு. "என்னம்மா இவ்ளோதானா"ன்னு கேப்பாங்க.

நானும் ஒன்பதாவது மாத செக்கப்பைத் தள்ளிப்போட்டேன், ஒரு தடவை "காய்ச்சல்", ஒரு தடவை "ஆடிட்டிங்". மூன்று மாதம் கழித்துப் போனபோது பி12 தரை மட்டத்தில் இருந்தது. கால் மரத்துப் போனதை எடை குறையாததற்கான தண்டனை என்கிற மாதிரி நானே நினைத்துக்கொண்டிருந்தேன், அது வெறும் பி12. வைட்டமினும் ரத்தப் பரிசோதனையும் ஆயுள் முழுக்க உண்டு, எடை எவ்வளவு குறைந்தாலும் குறையாவிட்டாலும்.

வெட்கமாக இருந்தால் எடை பார்க்கும்போது மெஷினுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள், "எழுதிக்கோங்க, எனக்குச் சொல்லாதீங்க" என்று நர்ஸிடம் சொல்லலாம். நான் இரண்டு தடவை அப்படி நின்றிருக்கிறேன். யாரும் சிரிக்கவில்லை.

19. முன்னெல்லாம் மனசு சரியில்லன்னா சாப்பிடுவேன். இப்ப அதுவும் முடியல, எடையும் குறையல. எதுக்கு இதைப் பண்ணேன்னு இருக்கு.

இது பலருக்கும் வருகிறது. வெட்டியது வயிற்றை, மனது அப்படியேதான் இருக்கிறது. சிலர் சாப்பாட்டின் இடத்தில் மதுவைக் கொண்டுவந்து வைக்கிறார்கள், பைபாஸுக்குப் பிறகு அது மளமளவென்று ஏறும், பழக்கமாகிற ஆபத்தும் கூடுதல். இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையும் தூக்கமின்மையும் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரோடு இருந்து என்ன என்கிற எண்ணம் வந்தால் அன்றைக்கே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள், 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை.

20. என் பையனுக்கு 22 வயசு, ஸ்லீவ் பண்ணி ஆறு மாசம். மெதுவாத்தான் குறையுது. ராத்திரி ஒளிச்சு சிப்ஸ் சாப்பிடறான், கவரை பெட்டுக்கு அடியில பாத்தேன். திட்டலாமா?

திட்டினால் அடுத்த கவர் உங்கள் கண்ணில் படாத இடத்துக்குப் போகும், அவ்வளவுதான். ஆறு மாதத்தில் என்ன சதவீதம் குறைந்திருக்கிறான் என்று கணக்குப் போட்டீர்களா? இந்த அம்மாவிடம் அதைத்தான் முதலில் கேட்டேன். 140-லிருந்து 112, சரியாக 20 சதவீதம். இது மெதுவே இல்லை, வீட்டில் எல்லாரும் 10 கிலோ கணக்கை எதிர்பார்த்துக்கொண்டு காலையும் மாலையும் அவனை மெஷினில் ஏற்றியிருக்கிறார்கள்.

மெஷினை எடுத்து உள்ளே வைக்கச் சொன்னேன். ராத்திரி எட்டு மணிக்கு அவனுக்கு என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்றேன். இரண்டு ஸ்பூன் ரசம் சாதம், அதுவும் ஏழு மணிக்கே. பதினொரு மணிக்குப் பசிக்காமல் என்ன செய்யும்? இப்போது எட்டரைக்கு இரண்டு முட்டைப் பொரியல், சில நாள் ஒரு துண்டு மீன். போன வாரம் அந்த அம்மா திரும்ப அழைத்தார், சிப்ஸ் கவர் இன்னும் கிடைக்கிறதாம், முன்பு போல தினமும் இல்லையாம்.